அண்ணன் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டும்

போன பருவத்தில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். கையில் ஆறு பக்க ஒப்பந்தம். அவளுடைய சிறுகதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவதாகச் சொல்லும் இலக்கிய முகவர் ஒருவர் அனுப்பியது. "படிச்சுப் பாத்தியா?" என்றேன். "இல்ல மேம். அவர் ரொம்ப நல்லவர். தங்கச்சின்னுதான் கூப்பிடுவார்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. இருபது வருடங்களுக்கு முன் என்னையும் ஒருவர் தங்கச்சி என்றுதான் அழைத்தார்.

என் முதல் தொகுப்புக்கும் பதிப்பாளருக்கும் நடுவே நின்றவர் அவர். அச்சுச் செலவுக்கு என்று 15,000 ரூபாய் கேட்டார். வளையலை அடகு வைத்துக் கொடுத்தேன். ஐம்பது பிரதிகள் வீடு வந்து சேர்ந்தன. நூலக ஆணை கிடைத்ததா, எத்தனை விற்றது என்று கேட்டதற்கு, "அண்ணங்கிட்டயே கணக்குக் கேப்பியாம்மா?" என்றார். கேட்டதற்காக நான்தான் வெட்கப்பட்டேன். சில வருடங்கள் கழித்து ஒரு கருத்தரங்கின் புத்தக மேசையில் ஓர் ஆங்கிலத் தொகுப்பைப் புரட்டினால், உள்ளே என் நான்கு கவிதைகள். அனுமதி கொடுத்தது அண்ணன். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது.

அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? ஆண்களும் ஏமாறுகிறார்கள், தெரியும். ஆனால் பெண்ணை ஏமாற்றப் பெரிய திட்டமெல்லாம் வேண்டியதில்லை, ஓர் உறவுச்சொல் போதும். அச்சகத்துக்குப் போக, பதிப்பாளரோடு பேரம் பேச, இரவுப் பேருந்தில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வர வீடு நம்மை விடுவதில்லை. "நீ அலைய வேண்டாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொல்லும்போது மனம் நெகிழ்ந்துபோகிறது. வீடு பூட்டிய கதவுக்குச் சாவி வாடகைக்கு விடுகிறவரை நாம் வள்ளல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கல்யாணத் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தால் என்ன செய்கிறோம்? மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் விசாரிக்க ஆள் அனுப்புகிறோம், மளிகைக் கடையில்கூடக் கேட்கிறோம். பத்து வருட எழுத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது மட்டும் விசாரிப்பது அநாகரிகமாகிவிடுகிறது!

விசாரியுங்கள். அவர் மூலம் புத்தகம் வந்த மூன்று பெண்களிடம், அவருக்குத் தெரியாமல் பேசுங்கள். படித்துப் பார்க்கக் கட்டணம், திருத்தக் கட்டணம் என்று முன்பணம் கேட்கிறவர் முகவரே அல்ல. ஆங்கிலப் பதிப்புலகில் முகவரின் பங்கு வழக்கமாக 15 சதவீதம், அயல்நாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்குப் பெரும்பாலும் 20. அதுவும் உங்களுக்குப் பணம் வந்தால்தான், வந்ததிலிருந்துதான். பதிப்பாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும், உங்களுக்காக அவர் போடுவதாக இருக்கக் கூடாது.

சட்டம் இந்த அண்ணன்களைவிட நமக்கு நெருக்கம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 19ஆவது பிரிவைத் தமிழ் இலக்கியம் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் வாசிக்க வேண்டும் என்பேன் (பாடத்திட்டக் குழுவில் சொன்னேன், சிரித்தார்கள்). எழுதிக் கையெழுத்திடாத உரிமை மாற்றம் செல்லாது. எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுகள். எந்த நிலப்பரப்பு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, அந்த உரிமை காலாவதியாகிறது. என் நான்கு கவிதைகளை யாருக்கும் கொடுக்க அண்ணனுக்கு உரிமையே இருந்ததில்லை. இது எனக்குத் தெரியவந்தபோது முனைவர் பட்டம் வாங்கி ஆறு வருடம் ஆகியிருந்தது.

இதெல்லாம் எழுத்துக்கு அந்நியமான வியாபாரப் பேச்சு என்று சொல்கிறவர்களுக்கு வை.மு. கோதைநாயகியை நினைவூட்டுகிறேன். முறையான பள்ளிப் படிப்பில்லாத அந்தப் பெண் 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தானே ஏற்று நடத்தத் தொடங்கினார். தன் நாவல்களைத் தானே வெளியிட்டார். இலக்கிய வரலாற்று வகுப்பில் அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதழை எப்படி நடத்தினார், வரவுசெலவை எப்படிப் பார்த்தார் என்று ஒரு மாணவியும் ஆய்வு செய்ய வந்ததில்லை. நானும் யாரையும் தூண்டியதில்லை.

அன்று அந்த ஆறு பக்கத்தையும் மாணவியும் நானும் சத்தமாக வாசித்தோம். மூன்றாம் பக்கத்தில் இருந்தது: அனைத்து மொழிகளிலும், அனைத்து வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுவதும். "முழுவதும்னா எவ்வளவு மேம்?" ஆயுள் முடிந்து அறுபது ஆண்டு வரை என்றேன். அவளுக்கு வயது இருபத்திரண்டு. சற்று நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு, மூன்று ஆண்டுகள், ஆங்கிலம் மட்டும், பதினைந்து சதவீதம் என்று ஓரத்தில் எழுதினாள். அறுபது நாள் முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம் என்பதை நான் சேர்க்கச் சொன்னேன்.

நான்கு நாள் கழித்து அவருடைய பதிலைக் காட்டினாள். சதவீதம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "உன்னை யாரோ கெடுத்துட்டாங்க தங்கச்சி" என்று மட்டும் இருந்தது.

"அந்த யாரோ நீங்கதான் மேம்" என்றாள். கதைகளை இப்போது அவளே அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.