அதிமதுரமும் உப்பும்

நிலக்கரித் தூசியும் ரசாயன ஆலைகளின் நெடியும் நித்தியவாசம் செய்கிற திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கங்களில், இருமல் வந்தவர் முதலில் நாடுவது நாட்டு மருந்துக் கடையையே. அங்கே காகிதத்தில் மடித்துத் தரும் அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் அநேகர். நீதிமன்ற உத்தரவினால் 2011-இல் சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கைவிட்டபோது இராயபுரம் சற்று மூச்சுவிட்டது. கரி எண்ணூருக்குப் போயிற்றேயன்றி மறைந்துவிடவில்லை. அதிமதுரம் தொண்டைக்கு இதம் தருவதை நான் ஆட்சேபிக்கவில்லை. அது தொண்டையோடு நிற்பதில்லை என்பதே என் விசாரம்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் கரைந்துள்ள ஒன்றரைக் கிலோ அளவான உப்பில் சில கிராம்களை மட்டும் வெளியேவிட்டு மற்றதை மீட்டுக்கொள்கின்றன. மீட்சியின் கடைசிக் கட்டத்தை ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நிர்ணயிக்கிறது. கார்ட்டிசால் என்னும் வேறொரு சுரப்பும் அந்தக் காரியத்தைச் செய்ய வல்லதாயினும், சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதி அதனை உருமாற்றி வலுவிழக்கச் செய்துவிடுகிறது. அதிமதுரத்துக்கு மதுரத்தைத் தருகிற கிளிசிரைசினோ, உடலில் சேர்ந்தபின் அந்த நொதியையே முடக்க, உப்பும் நீரும் தேகத்தில் தங்கி, பொட்டாசியம் வெளியேறி, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துக் குணங்கண்ட ரெவர்ஸ் என்ற டச்சு வைத்தியர், தம் நோயாளிகள் சிலருக்கு வீக்கம் காண்பதை 1946-இல் எழுதிவைத்தார். காரணம் விளங்க 1980-கள் வரை ஆயிற்று.

காசிமேட்டுக் கருவாடும் ஊறுகாயும், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்னும் வரம்பைச் சுலபமாகத் தாண்டவைக்கும் வீட்டில், உப்பைப் பிடித்துவைக்கும் வேர் அற்ப விஷயமன்று.

இதற்கு மாறான சுபாவமுடையது மூக்கிரட்டை. நீரைப் பெருக்கி வீக்கத்தை வடிக்க நம் வைத்தியர்கள் கையாண்ட இந்தப் பூண்டைக் கல்கத்தாவில் ஆர். என். சோப்ரா 1920-களில் பரிசோதித்திருக்கிறார். ஆயினும் கால் வீங்கிய முதியவருக்கு ஔஷதமாகக்கூடியது, வெயிலில் மூட்டை சுமந்து வியர்வையிலேயே நீரையும் உப்பையும் இழக்கும் தொழிலாளியை மேலும் வறளச் செய்யலாம். இயற்கையானது என்ற ஒரு சொல்லால் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எனக்குச் சம்மதமில்லை. நாட்டு மருந்தென்றால் முகஞ்சுளிக்கும் டாக்டர்களின் போக்கும் சம்மதமில்லை, ஏனெனில் அதற்கு அஞ்சித்தான் நோயாளி குடிக்கும் கஷாயத்தைச் சொல்லாமல் மறைக்கிறார்.

ஐரோப்பிய உணவு நிபுணர் குழு கிளிசிரைசினை நாளொன்றுக்கு 100 மில்லிகிராமோடு நிறுத்தச் சொல்கிறது. வேரிலோ அது நூற்றுக்கு 2 முதல் 15 பங்கு வரை வேறுபடும். ஆகவே 3 கிராம் துண்டில் 60 மில்லிகிராமும் இருக்கலாம், 450-ம் இருக்கலாம். பொட்டலம் அதைச் சொல்வதில்லை. ஸ்டான்லி மருத்துவமனை முதல் வார்டு சுகாதார நிலையம் வரை, ரத்தக் கொதிப்புக்காரரின் சீட்டில் அவர் உண்ணும் வேர், கீரை, கஷாயம் யாவும் குறிக்கப்பட வேண்டும். கேட்டுக் குறிக்கும் பொறுப்பில் சித்த வைத்தியர்களுக்கும் இடம் தர வேண்டும். கிளிசிரைசின் நீக்கிய அதிமதுரம் மேனாடுகளில் விற்பனையாகிறது. நம் அரசின் மருந்து நிறுவனமாகிய டாம்ப்கால் அதைத் தயாரிக்க முன்வரலாம்.