ஏதாவது வேணும்னா சொல்லுப்பா!

ஆபீஸில் ஒருத்தருக்கு ஆபரேஷன் என்றால் பத்துப் பேர் தவறாமல் சொல்லும் வாசகம் இது. யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் என்ன வேணும், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று இரண்டு தரப்பும் பேசிக்கொள்வதில்லை. நான் படித்த பி.காமில் இதற்கு 'வாராக்கடன்' என்று பெயர். கணக்கில் இருக்கும், கைக்கு வராது.

என் நண்பனுக்கு ஹெர்னியா. வயது முப்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை, பெற்றோர் இல்லை. சொந்த ஊர் வேடந்தாங்கல். வாசம் செங்கல்பட்டில், மூன்றாவது மாடி ஒற்றை அறை. "ரெண்டே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் டாக்டர். மனைவியும் மாமியாரும் இருப்பவனுக்கு அது நல்ல செய்தி. இவனுக்கு வீடு என்றால் மூன்று மாடிப் படியும் ஒரு தண்ணீர் கேனும்தான். 20 லிட்டர் கேன், 20 கிலோ. சில வாரங்களுக்கு வெயிட்டே தூக்கக் கூடாதாம்!

பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றே எட்டு மாதம் தள்ளிப்போட்டான். ஹெர்னியா அதுவரை சும்மா இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. குடல் சிக்கி ரத்த ஓட்டம் நின்றால், நடுராத்திரியில் அவசர ஆபரேஷன்தான்.

காசு கொடுத்தால் ஆள் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் குளிக்க, நடக்க உதவும் அட்டெண்டர் வேறு, ஊசி போடத் தெரிந்த நர்ஸ் வேறு. பகல் மட்டுமா, 24 மணி நேரமா, அவர் சாப்பாடு யார் பொறுப்பு, அவர் லீவு போட்டால் யார் வருவார்... எல்லாம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக மருந்துச் செலவோடு கையைக் கழுவிவிடும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, தகுதி இருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவிகிதச் சம்பளம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வருகின்றன. தண்ணீர் கேனைத் தூக்கி வைக்க எந்தத் திட்டமும் இல்லை.

"கேட்கக் கூச்சமா இருக்குடா" என்றான்.

"நீ எந்த ஊரு?" என்றேன்.

18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்கார சிப்பாய்கள் வேடந்தாங்கல் பறவைகளைச் சுட்டபோது, அந்த ஊர்க்காரர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் 'கவுல்' பத்திரமாக எழுதி வாங்கினார்கள். இன்றும் தீபாவளிக்கு அங்கே வெடிச் சத்தம் கேட்காது. நாரைக்காகக் கலெக்டர் வாசலில் போய் நின்ற ஊரில் பிறந்தவன், தனக்காகப் பக்கத்து சீட்டில் கேட்க வெட்கப்படலாமா?

ஒரு தாள் எடுத்தோம். முதல் இரண்டு ராத்திரி துணைக்குப் படாளத்துச் சித்தப்பா மகன். (மயக்க மருந்து கொடுத்த பிறகு 24 மணி நேரம் பெரியவர் ஒருவர் கூட இருக்கணும், வண்டி ஓட்டவோ, பத்திரத்தில் கையெழுத்துப் போடவோ கூடாது.) தண்ணீர் கேனுக்கு வீட்டுக்காரர் பையன். மாற்றுச் சாவி எதிர் வீட்டு அக்காவிடம். தினம் ராத்திரி எட்டு மணிக்கு நான் போன் பண்ணுவேன். எடுக்காவிட்டால் அக்கா கதவைத் திறந்து பார்ப்பார். காய்ச்சல், தையலில் சீழ், ரத்தம், கெண்டைக்கால் வீக்கம், மூத்திரம் போகாமை... இதில் எது வந்தாலும் வாட்ஸ்அப்பில் ஆலோசனை கிடையாது, நேரே ஆஸ்பத்திரி. 108 நம்பரைச் சுவரில் பெரிசாக எழுதி ஒட்டினோம்.

சாப்பாட்டுக்கு ஆபீஸில் ஆளுக்கொரு கிழமை. கேட்ட ஒருத்தர்கூட மறுக்கவில்லை. வியாழக்கிழமை மட்டும் காலி. அதை வாங்கிக்கொண்டவர், யாரோடும் ஒட்டாத அக்கவுண்ட்ஸ் மேனேஜர்!

ரசம் சாதத்தோடு ஏழு மணிக்கு வந்த மனிதர், ஒன்பதரை வரை கிளம்பவில்லை. மனைவி காலமாகி நாலு வருஷம், பிள்ளைகள் அமெரிக்காவில். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாராம்:

"தம்பி, அடுத்த மாசம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து விட ஆள் வேணும். உனக்கு எந்தக் கிழமை சௌகரியம்?"