கல்லீரலின் இரு வாய்க்கால்கள்

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்பு முடிந்த பின் என்னிடம் வந்து நின்றாள். அவளுடைய தந்தையாருக்குக் கல்லீரல் நோய். "மிஸ், அப்பாவை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுக்க வைத்து எத்தனையோ படங்கள் எடுத்தார்கள். அப்புறமும் ஊசி குத்தித் துணுக்கு எடுக்க வேண்டும் என்கிறார்களே, ஏன்?" என்று கேட்டாள். அன்று எனக்குச் சரியான விடை தெரியவில்லை. பின்னர் படித்து அறிந்ததையும், அதனால் எனக்கு உண்டான கருத்தையும் இம்மலரின் வாயிலாகக் கூற விழைகிறேன்.

ஊசியில் வரும் துணுக்கு, முழுக் கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது ஒரே சீராக வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். நோயோ கல்லீரலில் ஒரே சீராகப் பரவுவதில்லை. ஆகவே முழுக் கல்லீரலையும் ஒருசேர அளக்க வழியுண்டா என்று அறிஞர்கள் தேடியதில் வியப்பில்லை. கல்லீரலின் விறைப்பை ஒலி அலைகளால் அளக்கும் கருவிகள் இன்று பல மருத்துவமனைகளில் உள்ளன. நான் கூற வருவது அதனினும் நுட்பமான ஒன்று. அதுதான் குருதி ஓட்டத்தை அளப்பது.

மாணவியரே, இரண்டு வாய்க்கால்களால் நிரம்பும் ஏரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்காலில் ஆற்று நீர் நேராக வருகிறது. மற்றொன்றில், மேல் வயல்களில் பாய்ந்து வடிந்த நீர், அங்குள்ள சத்தையும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. கல்லீரலும் அப்படித்தான். கல்லீரல் தமனி இதயத்திலிருந்து வரும் புதுக் குருதியைத் தருகிறது; அது சுமார் கால் பங்கு. எஞ்சிய முக்கால் பங்கைக் குடலில் சுற்றிய பின் போர்ட்டல் சிரை கொண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். கல்லீரலின் எடையும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எனவே நூறு கிராமுக்கு நிமிடம் நூறு மில்லி லிட்டர் என்று நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

கல்லீரல் சுருங்கித் தழும்பேறும் சிர்ரோசிஸ் நோயில் போர்ட்டல் சிரையின் வரவு குறைகிறது. தமனியின் பங்கு கூடுகிறது. ஆகையால் மொத்த ஓட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, இரு வாய்க்கால்களின் பங்கும் தனித்தனியே தெரிய வேண்டும். 1945-இல் அமெரிக்காவில் பிராட்லி குழுவினர், கல்லீரல் உறிஞ்சும் ஒரு சாயத்தைச் செலுத்தி, கல்லீரல் சிரைக்குள் குழாய் விட்டு, ஓட்டத்தைக் கணக்கிட்டனர். 1870-இல் ஃபிக் என்னும் அறிஞர் வகுத்த விதியே அதற்கு அடிப்படை. ஆயினும் கிடைத்தது மொத்த ஓட்டமே. பங்கு பிரிக்க இயலவில்லை.

எம்.ஆர்.ஐ. முறை இங்கேதான் உதவுகிறது. கடோலினியம் கலந்த மருந்தைக் கைச் சிரையில் செலுத்திச் சில விநாடிகளுக்கு ஒருமுறை படமெடுக்கிறார்கள். மருந்து செல்லும் இடம் படத்தில் ஒளிர்கிறது. முதலில் பெருந்தமனி, சற்றுப் பிந்திப் போர்ட்டல் சிரை, அதன்பின் கல்லீரல். மூன்றின் ஒளியேற்றத்தையும் வரைபடமாக்கினால், கல்லீரலுக்கு எந்த வழியே எவ்வளவு வந்தது என்பதைச் சமன்பாட்டால் பிரித்துவிடலாம். 2002-இல் பெல்ஜியத்தில் மட்டெர்ன் குழுவினர் இதை முயல்களில் செய்து, கதிரியக்க நுண்குண்டுகளைக் கொண்டு பெற்ற அளவோடு ஒப்பிட்டுக் காட்டினர். மறு ஆண்டே நோயாளிகளிடமும் ஆய்வு நடந்தது.

இத்தனை அழகிய முறை ஏன் இன்னும் ஊசியை விரட்டவில்லை? என் கருத்து இதுதான்: எந்திரம் தரும் எண் ஓர் அளவன்று, அது ஒரு கணக்கின் விடை. கணக்கில் ஒரு படி பிசகினால் விடை பிசகும். மருந்தின் அடர்த்தி இரு மடங்கானால் ஒளியும் இரு மடங்காகும் என்பதில்லை. மூச்சு விடுந்தோறும் கல்லீரல் மேலும் கீழும் நகர்கிறது. மருந்து வந்து சேரும் தாமதத்தை ஓரிரு விநாடி தவறாகக் கொண்டாலும் பங்கு மாறும். உணவு உண்டபின் போர்ட்டல் ஓட்டம் பெருகும். ஆதலால் வெறும் வயிற்றோடு வராதவரின் எண்ணை மற்றவருடையதோடு ஒப்பிட முடியாது.

மருந்தும் பச்சைத் தண்ணீரன்று. சிறுநீரகம் பழுதுற்றோரிடம் தோலும் தசையும் இறுகும் கொடிய நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்புண்டென்று 2006-இல் தெரியவந்தது. மூளையில் சிறிதளவு தங்குகிறது என்பது 2014-இல் வெளிவந்தது. 2017-இல் ஐரோப்பிய அதிகாரிகள் இவ்வகை மருந்துகள் சிலவற்றை நிறுத்தி, வேறு சிலவற்றைக் கல்லீரல் சோதனைக்கு மட்டும் விட்டுவைத்தனர். தேவை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், "எண் ஒன்று கிடைக்குமே" என்பதற்காக மட்டும் ஊசி போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மருந்தே இல்லாமல் குருதியின் வேகத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறையும் உண்டு. கல்லீரலுக்கு மேலே பெருஞ்சிரையில் ஓடுவதிலிருந்து கீழே ஓடுவதைக் கழித்தால் கல்லீரலின் மொத்த ஓட்டம் வந்துவிடும். ஐந்தாம் வகுப்புக் கழித்தல்தான்! லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016-இல் இதை வெளியிட்டனர். மருந்துவழி வந்த எண்ணை இத்தகைய இரண்டாம் அளவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே நோயாளியின் தாளில் எழுத வேண்டும் என்பேன்.

அந்த மாணவியின் தந்தையார் ஊசிக்கு இசைந்தார். இப்போது மருந்துண்டு நலமாயிருக்கிறார். அவளும் தோழியரும் சோதனைக் கூடத்தில் இரண்டு குழாய்களையும் நீல மையையும் வைத்து இதே கணக்கைச் செய்து பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு முதற்குழாயின் பங்கு முப்பது விழுக்காடு. அடுத்த குழுவுக்கு ஐம்பத்தைந்து. குழாயை யாரும் தொடவில்லை என்று இரு குழுவினரும் உறுதி கூறினர். வரும் வெள்ளியன்று மறுபடியும் செய்யப் போகிறோம்.