அரளியை வெட்டத்தான் வேண்டுமா?

கோல சிலாங்கூரிலிருந்து புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா எனச் செம்பனைத் தோட்டங்களின் வழியே செல்வோர், கோயில் வேலியோரம் அரளிச் செடியைக் காணலாம். சிவப்பு, வெள்ளை, இளஞ்சிவப்பு எனக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடி அது. அதிகப் பராமரிப்பும் வேண்டியதில்லை. பூசைக்கு வேறு பூ கிடைக்காத நாளிலும் அரளி கைகொடுக்கும்.

அந்த அரளியின் வேர், தண்டு, இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் என்னும் பொருள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துவிடும். காய்ந்தாலும் கொதித்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. கசப்பினால் மாடுகள் பச்சை இலையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆனால், வெட்டிப்போட்ட கிளை காய்ந்து புல்லோடு கலந்துவிட்டால் தின்றுவிடும். மாடு வளர்க்கும் தோட்டத்து மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

2024ஆம் ஆண்டு கேரளத்தில் ஓர் இளம்பெண் அரளி இலையை மென்றதால் இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அதனைத் தொடர்ந்து, மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்வதைத் தடை செய்தது. மற்றச் சடங்குகளில் அதனைப் பயன்படுத்தத் தடை விதிக்கவில்லை. இதுவே அறிவார்ந்த அணுகுமுறை.

செடியை வேரோடு அகற்றிவிட்டால் தொல்லை தீரும் எனப் பெற்றோர் சிலர் எண்ணலாம். பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால் எழும் எண்ணம் அது. குறை கூற இயலாது. எனினும், அரளியோடு வேலை முடிந்துவிடாது. பொன்னரளி, ஊமத்தை ஆகியவையும் நஞ்சே. கடலோரச் சதுப்பு நிலத்திலும் சாலையோரத்திலும் வளரும் போங் போங் மரத்தின் காய், பார்ப்பதற்குப் பச்சை மாங்காய் போலவே இருக்கும். அதன் விதை உயிரைப் பறிக்கக்கூடியது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கை வள்ளிக்கிழங்கு என எண்ணி உண்டு உயிரிழந்தோரும் உண்டு. அதே செங்காந்தளிலிருந்துதான் கீல்வாதத்திற்கு மருந்தாகும் கொல்சிசின் கிடைக்கிறது. எத்தனை செடிகளைத்தான் வெட்டுவது?

செடிக்கு அருகில் பெயரையும் எச்சரிக்கையையும் எழுதி ஒரு பலகை வைப்பது பெருஞ்செலவன்று. பிரசாதத் தட்டில் அரளி விழாமல் பார்த்துக்கொள்வதும், பூப்பறித்தவர் கை கழுவிய பிறகே உணவைத் தொடுவதும் அதனினும் எளிது. இலையையும் பூவையும் கறியாக வைத்துக் கூட்டாஞ்சோறு சமைத்து விளையாடும் சிறுவர்களுக்கு, எந்த இலை ஆகாது என்பதை மூத்தோரே செடியருகில் அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

யாரேனும் தவறுதலாகத் தின்றுவிட்டால், புளிக்கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைப்பது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையமும் ஆலோசனை வழங்குகிறது. போகும்போது, தின்ற செடியின் கிளையொன்றைப் பையிலிட்டு எடுத்துச் சென்றால், மருத்துவர் நஞ்சை விரைவில் அடையாளம் காண்பார்.