பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா: ஒரு மறுப்பு

"பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், இனிக் குப்பைக் கவலை இல்லை" என்ற வாசகம் 2016 முதல் மேடைகளிலும் நாளிதழ்களிலும் ஓயாமல் ஒலிக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் ஐடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா பற்றிய ஆய்வு வெளியானது. ஜப்பானின் சகாய் நகரில் பெட் (PET) பிளாஸ்டிக் புட்டி மறுசுழற்சிக் கூடத்தருகே திரட்டிய மாதிரிகளிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. கண்டுபிடிப்பு உண்மையானது. அதன்மேல் கட்டப்பட்ட ஆறுதலுக்குத்தான் ஆதாரம் இல்லை.

அந்த பாக்டீரியா ஆய்வகத்தில் சிதைத்தது ஒரு மெல்லிய பெட் படலத்தை. 30 டிகிரி வெப்பத்தில் அதற்கு ஆறு வாரம் ஆனது. படலத்தின் படிகத்தன்மையோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு. கடையில் விற்கும் தண்ணீர் புட்டியில் மூலக்கூறு இழைகள் இதைவிடப் பன்மடங்கு இறுக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பிளாஸ்டிக்கை வெட்டும், பாக்டீரியா சுரக்கும் நொதி உள்ளே நுழைய இடமிருக்காது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டியது ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரிலுள்ள ஹைன்ரிஷ் ஹைன பல்கலைக்கழகத்தின் ஆய்வு. அதன் மூலக்கூறு நொதித் தொழில்நுட்ப நிறுவனம் அருகிலுள்ள யூலிஷ் ஆராய்ச்சி மைய வளாகத்தில் இயங்குகிறது. எண்ணெய்ப் பொருட்களை உண்டு வாழும் சூடோமோனாஸ் ஈஸ்டஸ்நிக்ரி என்ற கடல் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியில் ஆய்வாளர்கள் ஒரு நொதியைக் கண்டனர். அதை ஈ. கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்து, அதன் முப்பரிமாண அமைப்பை 1.09 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வரைந்தனர். 2020இல் வெளியான முடிவு இது: 30 டிகிரியில் அந்த நொதி இறுக்கமற்ற பெட் படலத்தைச் சிதைத்தது, கடையில் வாங்கிய புட்டியிலிருந்து வெட்டிய துண்டை அதனால் சிதைக்க முடியவில்லை. நொதியின் 250ஆம் இடத்திலிருந்த டைரோசின் என்ற அமினோ அமிலத்தை நீக்கி செரினை வைத்த பிறகே புட்டித் துண்டும் சிதையத் தொடங்கியது. இயற்கை தானாகவே வழி செய்துகொள்ளும் என்போர் இந்த ஒரு முடிவைப் படித்தால் போதும். நுண்ணுயிர் கொடுத்தது மூலப்பொருள். அதை வேலைக்கு ஆக்கியது மனித உழைப்பு.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை "பிளாஸ்டிக்" என்ற சொல்லிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் என்று ஒரே பொருள் கிடையாது. பெட் ஒரு பாலியெஸ்டர். அதன் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் உண்டு. அவற்றை நீரைக் கொண்டு வெட்டலாம். இலைகளின் மேலுறையிலுள்ள கியூட்டினும் இதே வகைப் பிணைப்பால் ஆனது. அதை வெட்டும் நொதிகள் இயற்கையில் முன்பே இருந்ததால்தான் பெட்டுக்கும் நொதி கிடைத்தது. பால் பாக்கெட்டும் கேரி பேக்கும் பாலித்தீன். அரிசிச் சாக்கும் நாற்காலியும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். இவற்றின் முதுகெலும்பு முழுவதும் கார்பன்–கார்பன் பிணைப்பு. நீரால் வெட்ட அங்கே எதுவுமில்லை. டுசல்டோர்ஃப் நொதியோ சகாய் நொதியோ இவற்றைத் தொடாது. இழை அல்லாத பிளாஸ்டிக் உற்பத்தியில் பாலித்தீன் சுமார் 36 விழுக்காடு, பாலிபுரோப்பிலீன் 21 விழுக்காடு. பெட் 10 விழுக்காட்டுக்கும் கீழே. பத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒன்றுக்குக் கிடைத்த மருந்தை முழு நோய்க்கும் மருந்தாக அறிவிப்பது மக்களை ஏமாற்றுவதாகும்.

பாலித்தீனுக்கும் உயிரி உண்டு என்பதற்குச் சான்றாகச் சொல்லப்படும், மெழுகுப் புழு அதைத் தின்கிறது என்ற செய்தி இன்னும் சர்ச்சையிலேயே உள்ளது.

ஆற்றிலும் கடலிலும் பாக்டீரியாவை விட்டுவிடலாம் என்ற யோசனையும் நிற்காது. டுசல்டோர்ஃபைத் தொட்டு ஓடும் ரைன் ஆறு பற்றி 2015இல் வெளியான ஆய்வு, நீர்ப்பரப்பின் சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 8,92,777 பிளாஸ்டிக் நுண்துகள்களைக் கணக்கிட்டது. ரைன்–ரூர் பகுதியில் செறிவு மிக அதிகம். குளிர்ந்த, ஓடும் நீரில் சிதறிய துகளைத் தேடிப்பிடிக்கும் நொதி எதுவும் இல்லை. பிரான்சின் கார்பியோஸ் நிறுவனத்தார் 2020இல் காட்டிய மேம்பட்ட நொதி 10 மணி நேரத்தில் பெட்டின் 90 விழுக்காட்டைச் சிதைத்தது. ஆனால் அது நடந்தது 72 டிகிரி வெப்பத்தில், மூடிய கலனுக்குள். அதற்கு முன் புட்டிகளை இறுக்கம் தளர்த்தி, தூளாக அரைக்க வேண்டியிருந்தது.

அதாவது, நுண்ணுயிர் நொதி வேலை செய்யும் இடம் தொழிற்சாலை. அங்கே போய்ச் சேர, புட்டியைத் தெருவிலேயே தனியாகப் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறைப் புட்டிகளுக்கு வைப்புத்தொகை வாங்குகிறார்கள். இன்று அது 25 சென்ட். புட்டி திரும்பி வருவது பாக்டீரியாவால் அன்று, அந்தக் காசால்.

1950 முதல் 2015 வரை உலகில் 830 கோடி டன் பிளாஸ்டிக் உற்பத்தியானது. குப்பையானதில் மறுசுழற்சிக்குச் சென்றது 9 விழுக்காடு. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. அந்தத் தடைப் பட்டியலில் உள்ள கேரி பேக்கைச் சிதைத்து முடிக்கும் நொதி ஆலை இன்றுவரை உலகில் எங்கும் இல்லை.