பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

கால்பந்துப் பருவம் ஒன்று சரியாக அமையாவிட்டால், அது முடிவதற்கு முன்பே சென்னை ரசிகர்களிடையே ஒரு விவாதம் எழுந்துவிடுகிறது: சென்னையின் எஃப்சி அணிக்கு அடுத்த தலைமைப் பயிற்சியாளர் யார்? நேரு விளையாட்டரங்கத்துக்குச் செல்வதற்காகத் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறும் இளைஞர்கள், பார்க் நிலையத்தில் இறங்கும்வரை இதையே பேசுகிறார்கள். ஐரோப்பியரா, இந்தியரா? பழையவரை மீண்டும் அழைக்கலாமா? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த விவாதத்தை ஆர்வத்துடன் கவனித்துவருகிறேன். எனினும், பயிற்சியாளரின் ஆற்றலுக்கு அதில் அளவுக்கு மீறிய இடம் தரப்படுகிறது என்றே எண்ணுகிறேன்.

அணியின் வரலாற்றையே சான்றாகக் கொள்ளலாம். 2015-இல் பட்டியலின் அடியில் கிடந்த அணியை இத்தாலியரான மார்கோ மாத்தெராசி கோப்பை வரை கொண்டுசென்றார். மறு ஆண்டு அவரது அணி எட்டில் ஏழாவதாக முடிந்தது. இங்கிலாந்தின் ஜான் கிரெகரி 2018 மார்ச்சில் பெங்களூரு அணியை அதன் சொந்த மண்ணிலேயே 3-2 என வென்று இரண்டாவது கோப்பையைப் பெற்றுத்தந்தார். அடுத்த பருவத்தில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டுமே; கடைசி இடம். 2019 டிசம்பரில் வந்த ஓவன் கோய்ல் தடுமாறிய அணியை இறுதி ஆட்டம் வரை உயர்த்தினார். 2023-இல் திரும்பி வந்தபோது முதல் பருவத்தில் ஆறாம் இடம். 2024-25 பருவத்தில் பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடம்.

ஒரே மனிதர், ஒரே அணி, நேர்மாறான முடிவுகள். ஓராண்டுக்குள் ஒருவரது ஆட்ட அறிவு ஆவியாகிவிடுவதில்லை. வீரர்கள் மாறுகிறார்கள், காயமடைகிறார்கள். அதிர்ஷ்டமும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. 2019-20 பருவத்தில் 15 கோல்கள் அடித்த வால்ஸ்கிஸ் அடுத்த பருவத்தில் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றுவிட்டார். அத்தகைய இழப்பைப் பயிற்சியாளரின் வியூகத்தால் மட்டும் ஈடுகட்ட இயலாது.

புள்ளியியலில் ‘சராசரியை நோக்கித் திரும்புதல்’ என்றொரு கருத்து உண்டு. வழக்கத்தைவிட மிக மோசமான ஒரு கட்டத்துக்குப் பின், எதுவும் செய்யாவிட்டாலும் நிலை ஓரளவு சீராகும். பயிற்சியாளர்கள் நீக்கப்படுவது பெரும்பாலும் அந்த மோசமான கட்டத்தில்தான். பின்னர் வரும் இயல்பான மீட்சிக்கான பெருமை புதியவரைச் சேர்கிறது. நெதர்லாந்து லீக் போட்டிகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே சரிவைச் சந்தித்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார்கள். நீக்கத்தால் ஆட்டம் மேம்பட்டது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிட்டவில்லை.

அப்படியானால் பயிற்சியாளர் பொருட்டே இல்லையா? அப்படிச் சொல்ல முடியாது. எளிய வசதிகளே கொண்ட மிசோரத்தின் ஐஸால் அணியை 2016-17-இல் ஐ-லீக் வாகையராக்கிய காலித் ஜமீல், இன்று இந்திய அணியின் பயிற்சியாளர். நல்ல பயிற்சியாளர் இருக்கும் வளத்தைப் பெருக்குவார். இல்லாத வளத்தை உண்டாக்க அவராலும் முடியாது.

நியாயம் பற்றிய கேள்வி இங்குதான் எழுகிறது. 2014 முதல் சென்னை அணியை முழுப் பொறுப்பில் நடத்தியவர்கள் ஆறு ஐரோப்பியர்கள். நம் ஊர்க்காரரான சையத் சபீர் பாஷாவுக்கு 2022-இல் கிடைத்தது இடைக்காலப் பொறுப்பு மட்டுமே. கோவாவைச் சேர்ந்த கிளிஃபர்ட் மிராண்டா 2025-இல் நியமிக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால் அது எத்தகைய ஆண்டு? கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அவ்வாண்டு ஜூலையில் போட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆகஸ்டில் சென்னை அணியே தன் செயல்பாடுகளைக் காலவரையின்றி நிறுத்தியது. பருவம் தொடங்க 2026 பிப்ரவரி ஆயிற்று. பணமும் காலமும் சுருங்கிய வேளையில் பொறுப்பேற்ற ஒருவரின் முடிவுகளைக் கொண்டு, ‘இந்தியப் பயிற்சியாளர்கள் இவ்வளவுதான்’ என்று யாரேனும் தீர்ப்பெழுதினால் அது பெரும் அநீதியாகும். வளமான ஆண்டுகளில் ஐரோப்பியர்களுக்குக் கிடைத்த அணிகளையும் கால அவகாசத்தையும் தந்துவிட்டே அவரை எடைபோட வேண்டும்.

ரசிகர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பயிற்சியாளருக்கு எத்தனை ஆண்டு ஒப்பந்தம்? வீரர்களைத் தேர்வு செய்வதில் அவருக்கு எவ்வளவு உரிமை? இளையோர் அணிகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவிடப்படுகிறது? ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. இங்கு அது உடனே சாத்தியமில்லை; ஆண்டுக்கு ஒருமுறை ரசிகர் மன்றங்களை அழைத்துக் கணக்கும் திட்டமும் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பகுதிகளில் செயற்கைப் புல்தரைத் திடல்கள் பெருகிவிட்டன. மணிக்கணக்கில் வாடகை தர முடிந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கு ஆடுகிறார்கள். மற்றவர்களுக்குப் பொதுத் திடலும் இல்லை, பயிற்சி தர ஆளும் இல்லை. நேரு அரங்கின் பயிற்சியாளர் யார் என்று வாதிடும் நாம், பன்னிரண்டு வயதுச் சிறுவர் சிறுமியருக்குப் பயிற்சியாளர் யார் என்றும் மாநகராட்சியிடமும் கிளப்பிடமும் கேட்க வேண்டும். பத்தாண்டு கழித்து எந்தப் பயிற்சியாளர் வந்தாலும், அவர் கையில் இருக்கப்போவது இந்தப் பிள்ளைகள்தான்.