ஸ்பிரிங்கை வெட்டலாமா?

நண்பர் ஒருவர், மோட்டார் வண்டி தரையை ஒட்டி ஓடினால் பார்வைக்கு மிக்க லட்சணமாயிருக்குமென்று கருதி, பட்டறையொன்றில் அதன் முன் ஸ்பிரிங்குகளில் இரண்டிரண்டு சுற்றுக்களை வெட்டச் செய்தார். வண்டி 10 சென்டிமீட்டர் தாழுமென்பது அவர் கணக்கு. தாழ்ந்ததோ 6¼ தான். "மீதி எங்கே போயிற்று?" என்று என்னைக் கேட்டார். அவருடைய தாயார் கேட்ட கேள்வி வேறு: "இதில் ஏறினால் இடுப்பு ஏனப்பா இப்படி நோகிறது?"

இரண்டுக்கும் விடை ஒன்றே. வெட்டுமுன் ஸ்பிரிங்கில் 8 சுற்றுக்கள். சுமையற்ற உயரம் 40 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அமுக்க 20 கிலோ வேண்டும். மேலே நிற்கும் எடை 300 கிலோ. ஆகவே 15 சென்டிமீட்டர் அமுங்கி, 25-இல் நின்றது. (அமுக்கமும் விசையும் ஒரே விகிதத்தில் வளரும் என்னும் இவ்வுண்மையை ராபர்ட் ஹூக் 1676-இல் எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டு, 1678-இல்தான் அவிழ்த்தார். பிறர் முந்திக்கொள்வார்களோ என்ற பயம் அறிஞர்களுக்கும் உண்டு!)

ஸ்பிரிங் அமுங்கும்போது உண்மையில் கம்பி முறுக்கப்படுகிறது. நீண்ட கம்பி எளிதில் முறுக்குக்கு இடங்கொடுக்கும், குறுங்கம்பி எதிர்க்கும். இரண்டு சுற்றுப் போனதும் உயரம் 30 ஆயிற்று. 20 கிலோ ஏறக்குறைய 27 கிலோவாயிற்று. அதே சுமைக்கு இப்போது 11¼ தான் அமுங்கும். நண்பர் தேடிய மீதி இங்கே ஒளிந்திருக்கிறது.

முன்புறம் நிமிஷத்துக்கு 77 தடவை ஆடியது, இப்போது 89 தடவை ஆடுகிறது. பின்புறமோ பழையபடி 84. முன் சக்கரத்தின் ஆட்டம் பின்னதைவிட நிதானமாயிருந்தால்தான் வண்டி முன்னும் பின்னும் ஊசலாடாதென்று கடிலாக் கம்பெனியில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் என்ஜினீயர் 1930-களில் கண்டார். நண்பர் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டார். மேலும், பள்ளத்தில் சக்கரம் மேலேறுவதற்கிருந்த இடத்திலும் 6¼ குறைந்து, ரப்பர் கட்டையில் மோதுகிறது. அந்த மோதல்தான் தாயாரின் இடுப்பில் இறங்குகிறது.

இதைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. சக்கரம் பள்ளத்தில் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங்கின் இரு தட்டுக்களுக்கும் இடையே 33 சென்டிமீட்டர் இருக்கிறது. முழு ஸ்பிரிங் அங்கேயும் அழுந்தி நிற்கும். 30 சென்டிமீட்டர்த் துண்டோ இடம் தளர்ந்து, தட்டை விட்டே நழுவக்கூடும்.

வண்டி தாழவேண்டுமானால் முதலில் விறைப்பைத் தீர்மானிக்கவேண்டும், பிறகே உயரம். 3 சென்டிமீட்டர் தாழ்வு போதும், விறைப்பு 22 கிலோ என்றால், 300 கிலோவுக்கு 13.6 அமுங்கும், 22-உடன் அதைக் கூட்டினால் 35.6 உயரமுள்ள ஸ்பிரிங் வேண்டும். அது 33-ஐ மிஞ்சுவதால் நழுவாது. தடித்த கம்பியை மட்டும் யோசனையின்றிக் கேட்கலாகாது: குறுக்களவு பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும்.

நண்பர் புது ஸ்பிரிங்குகளுக்குச் சொல்லியிருக்கிறார். அவை வரும்வரை தாயார் ரயிலில்தான் பிரயாணம் செய்கிறார்.